பாலைவிட தக்காளி ஏன் அதிகம் வீணாகிறது? பறித்த பிறகு காய்கறிக்குள் நடப்பது என்ன?

கறந்த பாலை அப்படியே வெளியே வைத்தால் சில மணி நேரத்தில் கெட்டுவிடும். பக்கத்திலேயே ஒரு தக்காளியை வைத்தால் அது நாலைந்து நாளாவது தாக்குப்பிடிக்கும். அப்போ இந்த ரெண்டுல நாட்டில் எது அதிகம் வீணாகும்? யாரைக் கேட்டாலும் பால் என்றுதான் சொல்வார்கள்.

கணக்கு வேறு மாதிரி இருக்கிறது. மத்திய உணவு பதப்படுத்துதல் தொழில்கள் அமைச்சகத்துக்காக நாப்கான்ஸ் நிறுவனம் 2022-ல் முடித்த ஆய்வின்படி, இந்தியாவில் பால் இழப்பு 0.87 சதவீதம். தக்காளி இழப்பு 11.61 சதவீதம். 100 லிட்டர் பாலில் ஒரு லிட்டர்கூட வீணாவதில்லை. 100 கிலோ தக்காளியிலோ கிட்டத்தட்ட 12 கிலோ, நம் பைக்கு வந்து சேரும் முன்பே போய்விடுகிறது.

பெங்களூரு அடுகோடியில் இருப்பவர்களுக்கு இந்த இரண்டு எண்களும் பக்கத்துப் பக்கத்தில்தான் இருக்கின்றன. ஒரு பக்கம் தேசிய பால் ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டல வளாகம். 1923-ல் பெங்களூருவில் தொடங்கிய நிறுவனம் அது. 1927-ல் மாடு வளர்ப்பு கற்றுக்கொள்ள காந்தி வந்து போன இடமும் அதுதான். கொஞ்சம் தள்ளி டெய்ரி சர்க்கிள், அங்கே நந்தினி பாலின் கர்நாடக பால் கூட்டமைப்பு. ஓசூர் ரோட்டில் அப்படியே கீழே இறங்கினால் (டிராஃபிக் விட்டால்) மடிவாளா காய்கறி மார்க்கெட். ஓசூர், மாலூர், ஆனேக்கல், கோலார் பக்கத்துச் சரக்கெல்லாம் விடியற்காலையில் வந்து இறங்கும் நகரம் இது. பாலுக்கும் தக்காளிக்கும் இடையில் இவ்வளவு வித்தியாசம் ஏன் என்று புரிய வேண்டுமானால், பறித்த காய்க்குள் என்ன நடக்கிறது என்பதிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

பறித்தால் காய் செத்துவிடுகிறதா?

இல்லை. நீங்கள் வாங்கிட்டு வந்த கத்திரிக்காய், கொத்தமல்லி, வாழைப்பழம் எல்லாமே உயிருள்ள திசுதான். மூச்சு விட்டுக்கொண்டே இருக்கும். ஆக்சிஜனை எடுத்து, உள்ளே சேர்த்து வைத்த சர்க்கரையை எரித்து, கார்பன் டை ஆக்சைடையும் நீரையும் வெப்பத்தையும் வெளியே விடும். செடியில் இருந்த வரைக்கும் வேரில் இருந்து தண்ணீர் வந்தது, இலையில் இருந்து சர்க்கரை வந்தது. காம்பை வெட்டிய நிமிடத்தில் இரண்டும் நின்றுவிட்டன. வேலை போன வீட்டில் பேங்க் சேமிப்பை எடுத்துச் சாப்பிடுவது மாதிரிதான் அதற்குப் பிறகான வாழ்க்கை. சேமிப்பு எவ்வளவு, செலவு எவ்வளவு வேகம் என்பதுதான் ஒவ்வொரு காயின் ஆயுளையும் தீர்மானிக்கிறது.

இதில் காய்க்குக் காய் பெரிய வித்தியாசம் உண்டு. 5 டிகிரி செல்சியஸில் வைத்த ஒரு கிலோ உருளைக்கிழங்கோ வெங்காயமோ மணிக்கு 5 முதல் 10 மில்லிகிராம் கார்பன் டை ஆக்சைடுதான் விடும். அதே குளிரில் பாலக் கீரை, பச்சைப் பட்டாணி, ஸ்வீட் கார்ன் போன்றவை 60 மில்லிகிராமுக்கு மேல் விடும். குறைந்தது 6 மடங்கு வேகம். வெங்காயம் என்பது செடி தன்னுடைய அடுத்த பருவத்துக்காகக் கட்டிவைத்த மூட்டை, தூங்குவதற்கென்றே உருவானது. கீரையோ வளர்ந்துகொண்டிருக்கும்போதே வெட்டப்பட்ட ஒன்று. ரெண்டையும் ஒரே கூடையில் போட்டு 'காய்கறி' என்று ஒரே பெயர் வைத்திருப்பது நம் வசதிக்காகத்தான்.

அடுத்தது வெப்பம். 10 டிகிரி கூடினால் காய்க்குள் நடக்கும் வேதிவினைகளின் வேகம் ஏறத்தாழ 2 முதல் 3 மடங்கு ஆகும். இதை வைத்து நாமே ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 10 டிகிரியில் இருக்க வேண்டிய கீரைக் கட்டு 30 டிகிரியில் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். 20 டிகிரி வித்தியாசம். வேகம் 2 மடங்கு என்றால் 2 × 2 = 4; 3 மடங்கு என்றால் 3 × 3 = 9. ஆக, வெயிலில் நின்ற ஒரு மணி நேரம், குளிரில் இருக்கும் 4 முதல் 9 மணி நேரத்துக்குச் சமம். காலையில் அறுத்து, தோட்டத்து ஓரத்தில் வண்டிக்காக மத்தியானம் வரை காத்திருந்த கட்டு, ஃப்ரிட்ஜ் கணக்கில் பார்த்தால் ஒரு நாளுக்கு மேல் ஆயுளை அங்கேயே தொலைத்துவிட்டது. அதை அப்புறம் எவ்வளவு பெரிய குளிர்சாதன அறையில் வைத்தாலும் போன ஆயுள் திரும்பாது.

மூச்சு விடும்போது வெளியேறும் வெப்பத்தையும் மறந்துவிடக் கூடாது. நெருக்கமாகக் கட்டிய கொத்தமல்லி மூட்டையின் நடுவில் கையை விட்டால் கதகதப்பாக இருக்கும். வெளியே வெயில் இல்லை என்றாலும் உள்ளே அது தன்னைத்தானே சூடாக்கிக்கொள்கிறது. சூடு கூடினால் மூச்சு கூடும். மூச்சு கூடினால் சூடு மேலும் கூடும்.

மூன்றாவது, தண்ணீர். கீரையிலும் தக்காளியிலும் 90 சதவீதத்துக்கு மேல் தண்ணீர்தான். எடையில் 3 முதல் 5 சதவீதம் நீர் போனாலே கீரை துவண்டுவிடும், வாங்குபவர் கை அடுத்த கட்டுக்குப் போய்விடும். தக்காளித் தோல் மெழுகு பூசியது போல இருப்பதால் அதன் வழியாக அவ்வளவாகப் போகாது. பெரும்பாலும் காம்பு இருந்த தழும்பு வழியாகத்தான் போகும். இலைக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. உடம்பு முழுக்கத் திறந்த ஜன்னல்தான்.

இதற்கிடையே சுவையும் மாறும். ஸ்வீட் கார்னிலும் பட்டாணியிலும் சர்க்கரை மாவுச்சத்தாக மாறிக்கொண்டே வரும். நேற்றுப் பறித்த பட்டாணி இன்றைக்கு மாவு மாதிரி இருப்பது அதனால்தான். கீரையில் பச்சையம் சிதைந்து மஞ்சள் தட்டும். எல்லா மாற்றமும் நஷ்டம்தான் என்றும் சொல்ல முடியாது. விடியலில் மொட்டாகப் பறித்த மல்லிகை சாயங்காலம் கூடையிலேயே விரிந்து மணக்கிறதே, அதுவும் பறித்த பிறகு தொடரும் வாழ்க்கைதான். சரியான நேரத்தில் விரிந்தால் காசு, கொஞ்சம் முந்திவிட்டால் குப்பை.

எது பழுக்கும், எது பழுக்காது?

டெய்ரி சர்க்கிள் பக்கம் வரும் சாலைக்கு டாக்டர் எம்.ஹெச்.மரிகௌடா பெயர் வைத்திருக்கிறார்கள். கர்நாடகத் தோட்டக்கலைத் துறையை வளர்த்தவர். இன்றைக்கு நாம் பார்க்கும் ஹாப்காம்ஸ் கடைகள் அவர் முயற்சியில் வந்தவை. 1959-ல் அது தொடங்கியபோது திராட்சை விவசாயிகளுக்கான கூட்டுறவுச் சங்கம். திராட்சையில் தொடங்கியது எனக்குச் சுவாரஸ்யமாகத் தோன்றுகிறது. ஏனென்றால் திராட்சை, பறித்த பிறகு பழுக்கவே பழுக்காத வகை. கொடியில் புளிப்பாக இருந்தால் வீட்டிலும் புளிப்புதான். ஆரஞ்சு, அன்னாசி, மாதுளை, ஸ்ட்ராபெர்ரி எல்லாம் இதே கட்சி.

மா, வாழை, பப்பாளி, சப்போட்டா, கொய்யா, தக்காளி வேறு கட்சி. இவற்றை முற்றிய காயாகப் பறித்தாலும் பின்னால் பழுக்கும். ஒரு கட்டத்தில் மூச்சு திடீரென ஏறும், எத்திலீன் என்ற வாயு உள்ளே சுரக்கும், அது இன்னும் அதிக எத்திலீனைத் தூண்டும். மாவுச்சத்து சர்க்கரையாகும், சதை இளகும், நிறமும் மணமும் வரும். இந்த ஏற்றத்தை ஆப்பிளில் அளந்து 1920-களில் பதிவு செய்தவர்கள் பிரிட்டனின் கிட், வெஸ்ட் என்ற இரு விஞ்ஞானிகள். எத்திலீன் செடிகளைப் பாதிக்கும் என்று 1901-ல் ரஷ்யாவில் நெல்யூபோவ் கண்டுபிடித்திருந்தார். பழம் தானாகவே அதை உற்பத்தி செய்கிறது என்று 1934-ல் ரிச்சர்ட் கேன் நிரூபித்தார்.

நம் வீடுகளில் பெயர் தெரியாமலே இதைப் பயன்படுத்தி வந்தோம். மாங்காயை வைக்கோலில் பொதிவது, அரிசிப் பானைக்குள் போடுவது எல்லாம் பழம் விடும் எத்திலீனை அதன் பக்கத்திலேயே சிறைபிடிக்கும் வேலை. வாழைத்தாருக்குப் புகை மூட்டம் போட்டால் புகையில் இருக்கும் எத்திலீன் வேலை செய்யும். ஆனால் ஒரு நிபந்தனை: காய் முற்றியிருக்க வேண்டும். பிஞ்சைப் பறித்து எந்தப் பானையில் போட்டாலும் அது பழுக்காது, வெம்பும். 'வெம்பல்' என்ற ஒரு சொல்லில் நம் பாட்டிகள் சொன்னது இதைத்தான்.

அப்போ கார்பைடு? கால்சியம் கார்பைடு ஈரத்தோடு சேரும்போது அசிட்டிலீன் வாயு வரும். அது எத்திலீன் மாதிரி நடிக்கும். பிரச்சினை, சந்தையில் கிடைக்கும் கார்பைடில் ஆர்சனிக், பாஸ்பரஸ் கலப்பு இருக்கலாம் என்பது. அதனால் பழுக்க வைக்க அதைப் பயன்படுத்துவது இந்தியாவில் தடை செய்யப்பட்டது. எத்திலீன் வாயுவை 100 பிபிஎம் வரை பயன்படுத்த உணவுப் பாதுகாப்பு ஆணையம் அனுமதிக்கிறது. 'செயற்கையாகப் பழுக்க வைத்தது' என்று கேட்டவுடன் எல்லாமே விஷம் என்று பயப்பட வேண்டியதில்லை; எத்திலீன் அறையில் பழுத்த வாழை, தன் சொந்த வாயுவைக் கொஞ்சம் முன்கூட்டி வாங்கிக்கொண்ட வாழை, அவ்வளவுதான்.

தூரத்து மார்க்கெட்டுக்குப் போகும் தக்காளியை நிறம் திரும்பும் செங்காய் பருவத்திலேயே பறித்துவிடுவார்கள். லாரியிலேயே சிவக்கும். பெங்களூரு மார்க்கெட்டில் 'நாட்டி' என்று தனியாக விற்கும் புளிப்புத் தக்காளி, தோல் மெல்லிசு, சாறு அதிகம், தூரம் போகாது. ஹைப்ரிட் வகைகள் கெட்டியானவை. ஹெசரகட்டாவில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்கா ரக்ஷக்கும் நோய் தாங்கும் தன்மையோடு கெட்டியான காய்க்காகப் பெயர் பெற்றது. ரசத்துக்கு நாட்டிதான் சரி என்று சண்டை போடுபவர்கள் பக்கம் நான் இருந்தாலும், ஒரு நாள் முழுக்க லாரியில் குலுங்கிப் போக வேண்டிய காயை யாரும் ரசத்தை நினைத்து மட்டும் உருவாக்க முடியாது.

எல்லாவற்றையும் குளிரில் வைத்தால் தீர்ந்ததா?

பால் ஜெயித்தது இந்த இடத்தில்தான். கிராமத்துச் சங்கத்தில் காலையும் மாலையும் பால் ஊற்றுகிறார்கள். அங்கேயே கொழுப்பு அளக்கிறார்கள். பக்கத்திலேயே இருக்கும் கூலரில் 4 டிகிரிக்கு இறக்குகிறார்கள். அங்கிருந்து டேங்கர், டெய்ரி, பாக்கெட். எல்லா லிட்டருக்கும் ஒரே டெம்பரேச்சர். மிஞ்சினால் பவுடராக்கலாம், வெண்ணெயாக்கலாம்.

காய்கறியில் இந்த '4 டிகிரி' என்ற ஒற்றை விடை கிடையாது. கீரை, கேரட், முட்டைக்கோஸ் 0 டிகிரி அருகில் சந்தோஷமாக இருக்கும். வாழையை 13 டிகிரிக்குக் கீழே வைத்தால் தோல் கறுக்கும். வெள்ளரி, கத்திரி, வெண்டை ஃப்ரிட்ஜ் குளிரில் சில நாள் இருந்தால் குழி விழுந்து நீர்த்துப் போகும். உருளைக்கிழங்கை ரொம்பக் குளிரில் வைத்தால் மாவுச்சத்து சர்க்கரையாகி, வறுக்கும்போது கருகும். செங்காய்த் தக்காளி 12 டிகிரிக்குக் கீழே நாள்கணக்கில் இருந்தால் ஒழுங்காகச் சிவக்காது. பழுத்த தக்காளியை 5 டிகிரியில் ஒரு வாரம் வைத்தால் மணம் தரும் மரபணுக்களின் வேலை முடங்கி, வெளியே எடுத்த பிறகும் மணம் முழுசாகத் திரும்புவதில்லை என்று ஃப்ளோரிடா பல்கலைக்கழக விஞ்ஞானிகள் 2016-ல் காட்டினார்கள்.

போதாததற்கு இவை ஒன்றையொன்று கெடுக்கும். பழுக்கும் மாம்பழம் விடும் எத்திலீன் பக்கத்துக் கீரையை மஞ்சளாக்கும், வெள்ளரியையும் மஞ்சளாக்கும், கேரட்டைக் கசக்க வைக்கும். ஒரே குளிர் லாரியில் எல்லாவற்றையும் ஏற்றிவிடலாம் என்ற யோசனை உயிரியலோடு மோதி நிற்பது இங்கேதான்.

பெங்களூருவிலேயே இதற்கு ஒரு பரிசோதனை நடந்தது. பாலில் வெற்றி கண்ட தேசிய பால்வள மேம்பாட்டு வாரியம், ஒயிட்ஃபீல்டை அடுத்த கண்ணமங்கலாவில் 2000-களின் தொடக்கத்தில் சஃபல் என்ற நவீன ஏலச் சந்தையைத் திறந்தது. தரம் பிரித்தல், குளிர் அறை, எலக்ட்ரானிக் ஏலம் எல்லாம் உண்டு. ஆனாலும் திட்டமிட்ட அளவு சரக்கு அங்கே வரவே இல்லை. பழைய மண்டிகளே பெரும்பங்கை வைத்துக்கொண்டன. 2018 மத்திய பட்ஜெட்டில் அருண் ஜேட்லி அறிவித்த 'ஆபரேஷன் கிரீன்ஸ்' திட்டமும், வெண்மைப் புரட்சியான 'ஆபரேஷன் ஃப்ளட்' மாதிரியில் என்று சொல்லித்தான் வந்தது. தக்காளி, வெங்காயம், உருளைக்கு 500 கோடி ரூபாய். மூன்றே பயிர்கள்தான், அவற்றின் மூச்சு வேகமும் தேவைப்படும் குளிரும்கூட ஒன்றுபோல இல்லை.

எண்கள் சொல்லும் ஓட்டை எங்கே?

மேடைகளில் '30-40 சதவீதம் காய்கறி வீணாகிறது' என்று சர்வசாதாரணமாகச் சொல்வார்கள். அளந்து பார்த்த ஆய்வுகளில் அவ்வளவு இல்லை. லூதியானாவின் சிஃபெட் நிறுவனம் 2015-ல் வெளியிட்ட ஆய்வில் தக்காளி இழப்பு 12.44 சதவீதம், பழங்களிலும் காய்கறிகளிலும் மோசம் கொய்யா, 15.88. 2022 நாப்கான்ஸ் ஆய்வில் தக்காளி 11.61, கொய்யா 15.05. பால் 0.92-ல் இருந்து 0.87. தானியம், மீன், இறைச்சி எல்லாம் சேர்த்து ஆண்டு இழப்பின் மதிப்பு 2022 ஆய்வில் சுமார் 1.53 லட்சம் கோடி ரூபாய்.

இதில் இரண்டு விஷயம் கவனிக்கணும். நம் வீட்டு ஃப்ரிட்ஜில் அழுகியது இந்தக் கணக்கில் வராது. தூக்கிப் போட்ட எடைதான் கணக்கு. வாடியதால் பாதி விலைக்குப் போன கட்டு இதில் 'இழப்பு' இல்லை. விற்றவரைக் கேட்டால் வேறு பதில் கிடைக்கும்.

சரி, குளிர்சாதனக் கிடங்கு கட்டினால் போதுமா? தேசிய குளிர்சங்கிலி மேம்பாட்டு மையத்துக்காக 2015-ல் ஒரு மதிப்பீடு செய்தார்கள். நாட்டுக்குத் தேவையான பெரிய குளிர்கிடங்குக் கொள்ளளவு சுமார் 341 லட்சம் டன்; இருந்தது 318 லட்சம் டன். இதில் பெரும்பகுதி உருளைக்கிழங்குக்கானது. குளிர் லாரிகள் 61,826 தேவை, இருந்தது சுமார் 9,000. பழுக்க வைக்கும் அறைகள் 9,131 தேவை, இருந்தது 812. பேக் ஹவுஸ் என்கிற, வயலுக்குப் பக்கத்திலேயே தரம் பிரித்து, முதல் சூட்டை இறக்கி, பெட்டியில் அடுக்கும் இடம் தேவை 70,080. இருந்தது 249.

திரும்பப் படியுங்கள்: எழுபதாயிரத்துக்கு இருநூற்று நாற்பத்தொன்பது. அதற்குப் பிறகு புதிதாகக் கட்டினார்கள், 2020-ல் ஒரு லட்சம் கோடி ரூபாய் வேளாண் உள்கட்டமைப்பு நிதியும் வந்தது. ஆனால் அந்தப் பட்டியலின் வடிவத்தைப் பாருங்கள். சங்கிலியின் நடுவில் இருக்கும் கிடங்கு கிட்டத்தட்ட போதுமான அளவு இருந்தது. சங்கிலி தொடங்க வேண்டிய வயல் முனையில் எதுவுமே இல்லை. முதல் சில மணி நேரச் சூட்டில் போன ஆயுள் திரும்பாது என்று மேலே பார்த்தோம் இல்லையா? பாலுக்கு அந்த முதல் மணி நேரத்தில் கிராமத்திலேயே கூலர் இருக்கிறது. தக்காளிக்கு வேப்பமர நிழல் இருந்தால் அதிர்ஷ்டம்.

ஏன் யாரும் கட்டவில்லை என்பதற்கு என் கணிப்பு இது: பாலுக்குத் தரத்தை அளந்து, அதற்கேற்ற விலையை மறுநாளும் கொடுக்கிறார்கள். தக்காளிக்கு விலை அன்றைய ஏலம். 2023 ஜூலையில் கோலார் மண்டியில் 15 கிலோ கிரேட் 2,000 ரூபாயைத் தாண்டியது; வரத்து கொட்டும் மாதங்களில் அதே கிரேட் பறிப்புக் கூலிக்குக்கூடக் கட்டாது, ரோட்டோரத்தில் கொட்டிவிட்டுப் போவார்கள். அன்றைக்குக் குளிரவைத்த தக்காளிக்கும் குளிரவைக்காததற்கும் ஒரே விலைதான். கூலருக்குச் செலவழித்தவர் எதை நம்பிச் செலவழிப்பார்?

மின்சாரமே இல்லாத ஒரு வழியும் உண்டு. டெல்லியின் இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் 1980-களில் வடிவமைத்த குளிர் அறை: இரண்டு வரிசைச் செங்கல் சுவர், நடுவில் ஆற்று மணல், மணலில் தினமும் தண்ணீர், மேலே ஓலைப் பந்தல். தண்ணீர் ஆவியாகும்போது உள்ளே 10 டிகிரிக்கு மேல் குறையும், ஈரப்பதம் 90 சதவீதம் வரை நிற்கும். காற்று வறண்டிருக்கும் கோலார் மாதிரி இடங்களில் நன்றாக வேலை செய்யும்; சென்னைப் புழுக்கத்தில் அவ்வளவு எடுபடாது. தள்ளுவண்டிக்காரர்கள் ஈரச் சாக்கைப் போர்த்துவதும் இதே தத்துவம்தான்.

வீட்டில் என்ன செய்யலாம்?

கீரையை (பெங்களூரு தமிழில் சொப்பு) வந்தவுடன் அழுகல் இலை நீக்கி, ஈரம் ஒட்டாமல் துடைத்து, துணியில் சுற்றி ஃப்ரிட்ஜில் வையுங்கள். கடையில் கீரைமேல் தண்ணீர் தெளிப்பது நல்லதுதான். அதே தண்ணீர் தக்காளி, வெங்காயத்தின் மேல் நின்றால் அழுகல் தொடங்கும். தக்காளி பழுக்கும் வரை வெளியே, காம்புத் தழும்பு கீழே பார்க்க இருக்கட்டும். பெங்களூரு அறை வெப்பம் அதற்குத் தோதானது. ரொம்பப் பழுத்துவிட்டால் மட்டும் ஃப்ரிட்ஜ், அதுவும் ஓரிரு நாள். வாழையையும் மாம்பழத்தையும் கீரை, வெள்ளரி பக்கத்தில் வைக்க வேண்டாம். வெங்காயத்தையும் உருளையையும் தனித்தனியாக, காற்றோட்டமான இடத்தில் வைக்கலாம். உருளைக்கு வெளிச்சம் படக் கூடாது, பட்டால் பச்சை நிறம் தட்டும். அந்தப் பச்சையோடு சேர்ந்து சொலனின் என்ற நச்சும் கூடும் என்பதால் அந்தப் பகுதியை ஆழமாக வெட்டி எறிந்துவிட வேண்டும். கிழங்கு முழுக்கப் பச்சையாக இருந்தாலோ கசந்தாலோ சமைக்கவே வேண்டாம்.